வாசலைக் கேளுங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சுரங்க ரயில் நிலையம். நெரிசல் மிகுந்த ஒரு நகரத்தின் நட்ட நடுவில், தரைக்கு அடியில், மக்கள் ஏறி இறங்கும் நிலையம். 'ஏழுமலையான் ஊருக்கு வந்து மலையைப் பற்றிப் பேசாமல் பாதாளத்தைப் பற்றிப் பேசுகிறாரே' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினையுங்கள். பேச்சு முடிவதற்குள் பாதாளம் எப்படி மலையடிவாரத்துக்கு வந்து சேருகிறது என்று பார்த்துவிடலாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சுரங்க நிலையம் நல்ல நிலையமா என்று தெரிந்துகொள்ள அதன் ஆழத்தை அளக்க வேண்டாம், அதில் ஓடும் வண்டியின் வேகத்தைப் பார்க்க வேண்டாம், பளிங்குத் தரையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அதன் வாசலைப் பாருங்கள். வாசல் எங்கே திறக்கிறது? யாருக்குத் திறக்கிறது? உள்ளே போன கூட்டம் வெளியே வர எத்தனை வழி? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் இருந்தால் அது நிலையம். இல்லாவிட்டால் அது செலவழித்துத் தோண்டிய பள்ளம்.

சரி, உதாரணத்துக்கு எந்த நிலையத்தை எடுத்துக்கொள்வது? உங்களுக்குத் தெரியாத ஊரைச் சொல்லி உங்களை அலைக்கழிக்க மாட்டேன். சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறாதவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்கினால் அதிகம் தேறாது. ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் என்று மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே, வண்டி நம்மைக் கொண்டுபோய் இறக்கும் இடம் சென்னை சென்ட்ரல். சித்தூர்க்காரர்கள் காட்பாடிக்குப் போய் ரயில் பிடித்தாலும் இறங்கும் இடம் அதேதான். 1873-ல் திறக்கப்பட்டு, சிவப்பும் வெள்ளையுமாய் மணிக்கூண்டு வைத்து நிற்கிற அந்தக் கட்டடம் நமக்கெல்லாம் சென்னையின் முன்வாசல். அந்த வாசலுக்கு எதிரே, சாலைக்கு அடியில், ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்கு இன்னொரு நிலையம் இருக்கிறது. சுமார் 70,000 சதுர மீட்டர் பரப்பு. அதுதான் சென்ட்ரல் மெட்ரோ. 2020-ல் தமிழக அரசு அதற்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயரைச் சூட்டியது. அந்த நிலையம்தான் இன்றைக்கு நமக்குப் பாடப்புத்தகம்.

முதலில் ஒரு கேள்வி. மனிதன் எதற்காக மண்ணுக்குள் ரயில் விட்டான்? மேலே இடம் இல்லாததால். வேறு காரணம் இல்லை. 1863 ஜனவரி 10-ஆம் தேதி லண்டனில் பேடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது. இழுத்தது எது தெரியுமா? நீராவி எஞ்சின்! சுரங்கத்துக்குள் கரிப்புகை. இருமிக்கொண்டே போனார்கள்; ஆனாலும் போனார்கள். மேலே தெருவில் குதிரை வண்டிகள் முட்டி மோதிக்கொண்டு நின்றதைவிட அது மேல் என்று தோன்றியது.

1897 செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் அடுத்த படி. ட்ரெமான்ட் தெருவில் டிராம் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. என்ன செய்தார்கள்? அந்த டிராமையே தரைக்கு அடியில் இறக்கினார்கள். பெரிய ரயிலுக்குப் பெரிய சுரங்கம் வேண்டும். டிராமுக்குச் சின்னதே போதும். இன்றைக்கு இலகு ரயில் என்று சொல்கிறோமே, நகரத்தின் நடுவே அதற்கு அமைந்த சுரங்க நிலையங்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். அன்று திறந்த பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இன்றும் மக்கள் ஏறி இறங்குகிறார்கள்.

பாஸ்டன் அந்தப் பக்கம் கிடக்கட்டும். நம் சென்னையில் என்ன நடந்தது? 1895 மே மாதத்தில், இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் சென்னையில் ஓடியது. டெல்லியில் இல்லை, பம்பாயில் இல்லை, நம் சென்னையில்! அதில் ஒரு புதுமை என்னவென்றால், முதலில் அதற்கு மின்சாரம் மேலே கம்பியில் வரவில்லை. சாலைக்கு அடியில் ஒரு கால்வாய் பதித்து, அதற்குள் கம்பி ஓட்டி அங்கிருந்து எடுத்தார்கள். அழகான ஏற்பாடு. ஆனால் சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை என்று ஒன்று உண்டே! கால்வாயில் தண்ணீர் புகுந்தது, ஏற்பாடு கெட்டது, கடைசியில் மேலே கம்பி கட்டித்தான் ஓட்டினார்கள். 1953 ஏப்ரலில் டிராமே நின்றுபோனது. தரைக்கு அடியில் எதை வைத்தாலும் முதல் எதிரி தண்ணீர். இதை அப்போதே மழை எழுதிக் காட்டிவிட்டது. மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இந்த இடத்துக்கு வருவேன்.

இப்போது சென்ட்ரலுக்கு வருவோம். அந்த ஒரே வட்டாரத்தில் எத்தனை நிலையம் என்று எண்ணிப் பாருங்கள். வெளியூர் ரயிலுக்கு சென்ட்ரல். பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில். சாலைக்கு அந்தப் பக்கம் தாம்பரம் மார்க்கத்துக்குப் பார்க் நிலையம். அதையடுத்து, கடற்கரையிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன் நிலையம். எல்லாவற்றுக்கும் நடுவே பெரியார் ஈ.வெ.ரா. சாலை. எதிரே அரசுப் பொது மருத்துவமனை, இந்தப் பக்கம் ரிப்பன் மாளிகை. நான்கு நிலையம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, மாநகராட்சித் தலைமையகம், நூற்றுக்கணக்கான பஸ். இத்தனையும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்! ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி? கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, பிளாட்பாரக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கி ஒடுங்கி, சுரங்கப்பாதைப் படி இறங்கி, மறுபடி படி ஏறி, 'இந்த வழியா, அந்த வழியா' என்று பத்துப் பேரைக் கேட்டு... உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மதுரைப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வரும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தென்மாவட்ட ரயில்கள் எழும்பூரில் வந்து நிற்கும். திருப்பதி ரயில் சென்ட்ரலில் புறப்படும். இரண்டுக்கும் இடையே என்ன தூரம்? கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆனால் ஆட்டோக்காரர் சொல்லும் காசுக்கு அவ்வளவு தூரமும் இல்லை. விடியற்காலையில் வந்து இறங்கி, பேரம் பேசி, பேரம் படியாமல், நேரமாகிறதே என்ற பயத்தில் கேட்டதைக் கொடுத்து ஏறிய குடும்பங்கள் எத்தனை! 2018 மே 25-ஆம் தேதி நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாக சென்ட்ரலுக்கு மெட்ரோ சுரங்கம் திறந்தது. எழும்பூரில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சென்ட்ரல். ஒரே ஒரு நிறுத்தம். அந்த ஒரு நிறுத்தம் ஏழுமலையான் பக்தர்களுக்குச் செய்த உபகாரத்தை எந்தக் கல்வெட்டிலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

இந்த நிலையத்தை எப்படிக் கட்டினார்கள்? வீடு கட்டுகிறவர் அஸ்திவாரத்தில் தொடங்கிக் கூரையில் முடிப்பார். இங்கே தலைகீழ். முதலில் நாலாபுறமும் தரையைக் குறுகலாகக் கீறி, ஆழத்துக்குக் கம்பிக்கூடு இறக்கி, காங்கிரீட் ஊற்றி, மண்ணுக்குள்ளேயே சுவர் எழுப்புகிறார்கள். மண் சரியாமல் அந்தச் சுவர் பிடித்துக்கொள்ளும். ஊற்றுநீரையும் தடுத்து நிறுத்தும். பிறகு மேல் தளம். அந்தத் தளத்துக்குக் கீழே போய் மண்ணை அள்ளி அள்ளி ஒவ்வொரு தளமாக இறங்குகிறார்கள். சுவர் முதலில், கூரை அடுத்து, பள்ளம் கடைசியில். நிலையத்துக்கு நிலையம் போகிற சுரங்கத்தைத் தோண்ட வேறு கருவி. வட்டமான பெரிய வெட்டுமுகம் சுழன்று சுழன்று மண்ணைக் குடைய, பின்னாலேயே வளைந்த காங்கிரீட் துண்டுகளைப் பூட்டி வளையம் வளையமாகக் குழாய் அமைத்துக்கொண்டே போகும். உள்விட்டம் சுமார் 5.8 மீட்டர். களிமண்ணில் ஒரு நடை, மணலில் ஒரு நடை, பாறையில் ஒரு நடை. நாளுக்குச் சில மீட்டர்தான்.

இது விளையாட்டு வேலையா? இல்லை. 2017 ஏப்ரல் 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் சாலை திடீரென்று உள்வாங்கியது. ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கி நின்றன. அடியில் மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்த இடம் அது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆபத்து மட்டுமா, காலமும் பிடிக்கும். கல்கத்தாவைக் கேளுங்கள். இந்தியாவின் முதல் சுரங்க ரயிலுக்கு 1972 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் வண்டி ஓடியது 1984 அக்டோபர் 24. ஏறக்குறைய பன்னிரண்டு வருடம். திறந்தது எவ்வளவு? 3.4 கிலோமீட்டர்! அந்தப் பன்னிரண்டு வருடமும் பொறுமை காத்தது யார்? கோப்பில் கையெழுத்துப் போட்டவரா? இல்லை. வாசலில் தகரம் அடித்து மறைக்கப்பட்ட கடைக்காரர். வியாபாரம் படுத்துப்போன பூக்காரம்மா. தூசியில் இருமிய பள்ளிக்கூடப் பிள்ளை. தோண்டும்போது சுமக்கிறவர்கள் தெருவில் இருப்பவர்கள். ஆகவே தோண்டி முடித்தபின் முதல் வாசல் அவர்களுக்குத்தான் திறக்க வேண்டும். இது கருணை இல்லை, கணக்கு.

வாசல், வாசல் என்று சொல்கிறேனே, சென்ட்ரல் மெட்ரோவுக்கு உள்ளே போய்ப் பார்ப்போமா? மலையிறங்கி வந்த ஒரு குடும்பம். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. தோளில் லட்டுப் பை. அண்ணனும் தம்பியும் நகரும் படிக்கட்டில் தாவி ஏறிவிடுகிறார்கள். பாட்டி மட்டும் விளிம்பில் நிற்கிறாள். ஒரு காலை வைக்கிறாள், படி நகர்கிறது, எடுத்துவிடுகிறாள். மறுபடி வைக்கிறாள், எடுத்துவிடுகிறாள். பின்னால் வரிசை சேர்கிறது. 'ஏறும்மா, ஏறும்மா' என்று குரல். அப்போது யாரோ ஒருவர் 'அந்தப் பக்கம் லிப்ட் இருக்கு பாட்டிம்மா' என்று கை காட்டுகிறார். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டிய நிலையம் அந்தப் பாட்டிக்குப் பயன்பட்டது எதனால்? லிப்ட் இருந்ததால். அது இருக்கும் இடத்தை ஒருவர் காட்டியதால். கீழே போனால் நடைமேடை விளிம்பில் கண்ணாடித் தடுப்பு. வண்டி வந்து நின்ற பிறகுதான் தடுப்பின் கதவும் வண்டியின் கதவும் ஒன்றுக்கொன்று நேராகத் திறக்கும். குழந்தை ஓடினாலும் தண்டவாளத்தில் விழாது. கூட்டம் தள்ளினாலும் விழாது. வெறும் கதவுதான், ஆனால் எத்தனை உயிர்!

தரைக்கு அடியில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் சுரங்கத்தைக் காட்டுவார்கள். வரலாறு வேறு இடத்தைக் காட்டுகிறது. 1987 நவம்பர் 18-ஆம் தேதி லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் தீப்பிடித்து 31 பேர் இறந்தார்கள். தீ எங்கே தொடங்கியது? ரயிலில் இல்லை, சுரங்கத்திலும் இல்லை. மரத்தால் செய்த நகரும் படிக்கட்டில். பரவிய இடம் டிக்கெட் கூடம். அதாவது உள்ளே வரும் வழியில், வெளியே போகும் வழியில். அதன் பிறகுதான் அங்கே மரப்படிகளை ஒவ்வொன்றாக அகற்றினார்கள். வழியைக் கவனிக்காத நிலையம் எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்?

இன்னோர் ஊருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். நம் மக்கள் வாழும் ஊர்தான், கோலாலம்பூர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில், 1909-ல் கட்டிய ஜாமியா மசூதி. அந்த மசூதியின் பெயரிலேயே நிலையம், மஸ்ஜித் ஜாமேக். கொஞ்சம் நடந்தால் லெபோ அம்பாங். ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்த தெரு. இன்னும் கொஞ்சம் நடந்தால் மஸ்ஜித் இந்தியா சாலை. தீபாவளிக்கு முன்னால் போனால் சேலைக்கடை வாசலில் தமிழ் மட்டும்தான் காதில் விழும். அங்கே ஓடுவது அசல் இலகு ரயில். ஒரு பாதை 1996-ல் தரைக்கு மேலே வந்தது. இன்னொரு பாதை 1999-ல் தரைக்கு அடியில் வந்தது. அந்த வண்டியில் ஓட்டுநரே கிடையாது, தானாக ஓடும். இரண்டு பாதையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அருமை, இல்லையா?

ஆனால் ஒரு குறை. இரண்டையும் கட்டியவை வெவ்வேறு நிறுவனங்கள். மேலே இறங்கி, கீழே போய், அடுத்த வண்டி பிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும்? ஒரு கதவைத் தாண்டி வெளியே வந்து, மறுபடி டிக்கெட் வாங்கி, இன்னொரு கதவு வழியாக உள்ளே போக வேண்டும். ஒரே இடம், ஒரே பெயர், இரண்டு வாசல், இரண்டு காசு. மழை பெய்தாலும் அப்படித்தான், கையில் பிள்ளை இருந்தாலும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. 2011 நவம்பரில்தான் இரண்டையும் ஒரே வாயிலுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆற்றுக்கு அடியில் புதுச் சுரங்கம் தோண்டினார்களா? புது ரயில் வாங்கினார்களா? இல்லை. டிக்கெட் வாயிலை இடம் மாற்றி, கணக்கை ஒன்றாக்கினார்கள். ஓட்டுநர் இல்லாமல் ரயில் விடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாயிலை ஒன்றாக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று! எது கடினமான வேலை என்று இப்போது சொல்லுங்கள்.

சென்னையும் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படிக்கிறது. சென்ட்ரல் வட்டாரத்தில் மெட்ரோ வந்தபின் சாலைக்கு அடியில் பல பக்கமும் நடைபாதைகள் திறந்தன. ஆஸ்பத்திரிப் பக்கம் போகலாம், ரிப்பன் மாளிகைப் பக்கம் போகலாம். நடைவழிகள் ஒன்றாயின. டிக்கெட்டுகள்? மெட்ரோவுக்கு ஒன்று, புறநகர் ரயிலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று என்று நீண்ட காலம் தனித்தனியாகவே இருந்தன. 2025-ல்தான் 'சென்னை ஒன்று' என்ற செயலி வந்து, எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் கோக்கும் வேலை தொடங்கியது.

சரி, மெட்ராஸ் கதை போதும், நமக்கென்ன இதில் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்! அந்தச் சென்ட்ரல் சுரங்கத்துக்குள் ஓடுகிற ரயில் எங்கே பிறந்தது என்று நினைக்கிறீர்கள்? சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு நான்கு பெட்டி கொண்ட 42 ரயில்கள் வாங்க, ஆல்ஸ்டாம் நிறுவனத்தோடு 2010-ல் ஒப்பந்தம் ஆயிற்று. முதல் ஒன்பது ரயில்கள் கடல் கடந்து பிரேசிலிலிருந்து வந்தன. மீதி 33? ஸ்ரீசிட்டியில் செய்தவை! எந்த ஸ்ரீசிட்டி? அன்றைக்குச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ல் மாவட்டம் பிரிந்தபின் இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறதே, சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், அதே ஸ்ரீசிட்டி. சத்தியவேட்டிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, உங்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் திருகாணி முடுக்கி, கம்பி இழுத்து, சோதித்து அனுப்பிய வண்டியில்தான் சென்னை உட்கார்ந்து போகிறது. கொச்சி மெட்ரோவுக்கும் ரயில் அங்கிருந்தே போனது. ஊருக்கெல்லாம் ரயில் செய்து அனுப்பும் கை நம்முடையது. நம் ஊர் வாசலைச் சரிசெய்ய மட்டும் நமக்குக் கை வராதா?

இப்போது கீழ்த் திருப்பதிக்கு வாருங்கள். சாதாரண நாளிலேயே அறுபது எழுபதாயிரம் பேர் சுவாமி தரிசனத்துக்கு வரும் ஊர். ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். எதிரே விஷ்ணு நிவாசம் விடுதி. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார்கள், எதிரே ஸ்ரீநிவாசம். அங்கிருந்து கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கு ஒரு கூட்டம், கபில தீர்த்தத்துக்கு ஒரு கூட்டம், அலிபிரிக்கு ஒரு பெருங்கூட்டம், திருச்சானூருக்கு ஒரு கூட்டம். 1944-ல் முதல் மலைப்பாதை திறந்த காலத்தில் இப்படி ஒரு கூட்டத்தை யாராவது நினைத்திருப்பார்களா? 2023-ல் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் முழுமையாகத் திறந்தது. நல்லது. வண்டிகள் மேலே போகின்றன. நடக்கிறவர்? செருப்பில்லாத காலோடு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறாரே, அவருக்கு என்ன வழி?

இதைச் சொல்லும்போது ஒரு துயரத்தைச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. 2025 ஜனவரி 8-ஆம் தேதி. வைகுண்ட துவார தரிசன டோக்கன் வாங்கக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல். இதே ஊரில், இதே தெருக்களில். ஆறு பேர் இறந்தார்கள். உடம்பு முடியாத ஒருவரை வெளியே விட ஒரு கேட்டைத் திறந்தபோது, டோக்கனுக்குத்தான் திறக்கிறார்கள் என்று நினைத்துக் கூட்டம் பாய்ந்தது என்று அன்றைக்குச் செய்திகள் வந்தன. யோசித்துப் பாருங்கள். அவர்களைக் கொன்றது பக்தியா? இல்லை. அவசரமா? அதுகூட இல்லை. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட்டு. எதற்காகத் திறக்கிறது என்று கூட்டத்துக்குச் சொல்ல ஒரு குரல் இல்லை. நல்ல சுரங்க நிலையத்தில் அது நடக்காமல் இருக்க என்ன செய்கிறார்கள்? போகும் வழி வேறு, வரும் வழி வேறு. நடைமேடை நிறைந்துவிட்டால் மேலே வாயிலிலேயே நிறுத்திவைக்கிறார்கள். ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து என்றால் எல்லாக் கதவும் வெளிப்பக்கம் வழிவிடும். இவற்றில் எது சுரங்கத்துக்கு மட்டும் உரியது? ஒன்றும் இல்லை. ஒரு டோக்கன் கவுன்ட்டருக்கும் இதெல்லாம் வேண்டும்.

திருப்பதிக்கு மெட்ரோ வருமா, இலகு ரயில் வருமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அடங்குகிறது. மறுபடி எழுகிறது. சுரங்கம் வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதை மண்ணறிந்தவர்களும் கணக்கறிந்தவர்களும் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் நாம் என்ன கேட்கிறோம்? 'எப்போது வரும்? எவ்வளவு கோடி?' இந்த இரண்டைத்தான் கேட்கிறோம். இனிமேல் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

முதல் கேள்வி, வாசல் எங்கே? ரயில் நிலையத்திலிருந்து இறங்குகிற பாட்டி, சாலையைக் கடக்காமல், வெயிலில் நிற்காமல், பஸ் ஸ்டாண்டுக்கும் அலிபிரி வண்டிக்கும் போக முடியுமா? படத்தில் நிலையத்தைக் காட்டுவார்கள். 'நிலையம் இருக்கட்டும் ஐயா, அதிலிருந்து வெளியே வருகிற படியைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி, தண்ணீர் எங்கே போகும்? சென்னை டிராமுக்கு மழை கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்காதீர்கள் என்றேனே, அது இதற்குத்தான். 2021 நவம்பரில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் திருப்பதித் தெருக்களில் ஆறாக ஓடியதை நாமெல்லாம் பார்த்தோம். நல்ல மழை பெய்தாலே நம் ரயில்வே கீழ்ப்பாலங்கள் என்ன ஆகின்றன என்று நான் சொல்ல வேண்டுமா? சென்னையின் சுரங்க நிலையங்களுக்குள் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். சாலையிலிருந்து முதலில் சில படிகள் மேலே ஏறி, பிறகுதான் கீழே இறங்க வேண்டும். ஏன் இப்படி வீண் வேலை என்று தோன்றும். வீண் இல்லை. தெருவில் தேங்கும் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்கத்தான் அந்த மேடு. மலையடிவார ஊரில் பூமிக்குள் எதைக் கட்டினாலும், அது கீழ்ப்பாலமோ நடைபாதையோ, அந்த மேடு எங்கே, தண்ணீரை இறைக்க மோட்டார் எங்கே என்று கேட்காமல் விடாதீர்கள்.

மூன்றாவது கேள்வி, டிக்கெட் எத்தனை? ரயிலுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, தங்குவதற்கு ஒன்று, தரிசனத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு வரிசையிலும் மக்களை நிற்க வைத்தால், ஒவ்வொரு வரிசையும் ஒரு நெரிசல். கோலாலம்பூர் பத்து வருடத்துக்கு மேல் செய்த தப்பை நாம் முதல் நாளே திருத்திக்கொள்ளலாம். கண்ணால் கண்டும் பாடம் படிக்காதவர் உண்டா?

இந்த மூன்று கேள்விக்கும் சுரங்கம் தோண்டும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம். இன்றைக்கே, இருக்கிற ரயில் நிலையத்துக்கும் இருக்கிற பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்கலாம். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்கலாம். சென்னை மாதவரத்தில் இறங்கும்போதும் கேட்கலாம். 2018 அக்டோபரிலிருந்து நம் திருப்பதி பஸ்கள் அங்கேதான் போய் நிற்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மூன்று வழித்தடங்களும் சேர்த்து 118.9 கிலோமீட்டர், அந்த மாதவரத்தையும் தொட்டுத்தான் போகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அந்த ரயிலுக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், கூரை உண்டா, படி உண்டா, லிப்ட் உண்டா? கட்டி முடித்தபின் குறை சொல்வதைவிட, கட்டும்போது கேட்பது மேல்.

கேட்பது யார் வேலை? பின்வரிசையில் நிற்கும் தம்பி தங்கைகளே, உங்களில் பொறியியல் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே படி உடைந்திருக்கிறது, எங்கே வண்டி நிறுத்தி வழியை அடைத்திருக்கிறார்கள், எங்கே பலகை தெலுங்கில் மட்டும் இருந்து தமிழ்நாட்டுப் பக்தர் விழிக்கிறார், எங்கே இரவில் விளக்கு இல்லை என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய் மாநகராட்சியிலும் ரயில்வேயிலும் தேவஸ்தானத்திலும் கொடுங்கள். ஒரு தடவை கொடுத்தால் கோப்பில் போடுவார்கள். பத்துத் தடவை கொடுத்தால் படித்துப் பார்ப்பார்கள். பெரியவர்களே, அந்தத் தாளில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். தமிழர், தெலுங்கர் என்று பார்க்க வேண்டாம். நெரிசலுக்கு மொழி கிடையாது.

ரயில் செய்யத் தெரிந்த மாவட்டம் இது. கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, மலையேற்றி இறக்கி அனுப்பத் தெரிந்த ஊர் இது. வருகிறவர் கால் வைக்கும் முதல் படியையும் கடைசிப் படியையும் சரியாக வைக்க இந்த ஊருக்கு முடியாதா? முடியும். கேட்டால் முடியும். விடாமல் கேட்டால் நிச்சயம் முடியும்.